புகைபோக்கிகளும் பென்சில் கையொப்பமும்: வாசகர் கேள்வி–பதில்

ஆலைகளையும் துறைமுகக் கிடங்குகளையும் புகை மண்டிய தெருக்களையும் வரைந்த மேனாட்டு அச்சோவியர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள், இத்தகைய அச்சோவியங்களை வாங்கிச் சேர்ப்பது குறித்துப் பல கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒருசிலர் தம் பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டதால், எல்லாருக்குமே ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் நடக்கவிருக்கும் ஓர் ஏலத்தில் எல்.எஸ். லௌரியின் ஆலைத்தெருக் காட்சி ஒன்று வருகிறது. ‘லிமிடெட் எடிஷன், பென்சில் கையொப்பம் உள்ளது’ என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். இதை ஓவியரின் மூலப்படைப்பு என்று நம்பி வாங்கலாமா? (மான்செஸ்டர்)

பதில்: மூலப்படைப்பு என்று நம்பி வாங்க வேண்டாம். மூலப்படைப்பு அன்று என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

லௌரி 1887இல் பிறந்து 1976இல் மறைந்த ஆங்கிலேய ஓவியர். 1909இல் அவருடைய குடும்பம் வசதியான ஒரு பகுதியிலிருந்து மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பெண்டில்பரி என்ற ஆலைப்பகுதிக்குக் குடிபெயர நேர்ந்தது. ஒரு சொத்து நிறுவனத்தில் வாடகை வசூலிப்பவராகச் சேர்ந்து, 1952இல் ஓய்வு பெறும்வரை வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதர் அவர். மாலையில் வீடு திரும்பிய பிறகே தூரிகையைத் தொட்டார். கறுப்பு, செந்தூரச் சிவப்பு, பிரஷ்ய நீலம், மஞ்சள் காவி, வெள்ளை என்ற ஐந்து வண்ணங்களே அவருக்குப் போதுமாக இருந்தன. பின்னணியில் அவர் பூசிய வெள்ளை, நாளாக நாளாகப் பழுப்பேறி ஆலைநகரத்து வானத்தின் நிறத்துக்கு வந்துவிடும் என்பதை அறிந்தே பூசினார்.

இப்போது உங்கள் ஏலப்பொருளுக்கு வருகிறேன். லௌரி புகழ் பெற்றுவிட்ட 1960களிலும் 70களின் முற்பகுதியிலும், அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களைப் புகைப்படமாக எடுத்து, ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சிட்டு, 300, 500, 850 என்று படிகளின் எண்ணிக்கையை வரையறுத்து வெளியிட்டார்கள். அவற்றின் கீழ் விளிம்பில் லௌரி பென்சிலால் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அதாவது அந்தத் தாளில் ஓவியரின் கை பட்டது கையொப்பத்தில் மட்டுமே. படத்தை உருவாக்கியது கேமராவும் இயந்திரமும். 1960இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டு ஓவியர் மாநாடு, அச்சுக்குரிய தகட்டையோ கல்லையோ மரத்தையோ ஓவியரே உருவாக்கியிருந்தால்தான் அதை மூல அச்சோவியம் என்று கொள்ள வேண்டும், மற்றவை நகல் என்று வரையறுத்தது. அந்த அளவுகோலின்படி உங்கள் ஏலத்தில் வருவது, கையொப்பமிட்ட நகல். லௌரி தாமே கல்லச்சுக்கென்று (லித்தோகிராஃப், அதாவது கல்லில் வரைந்து படியெடுக்கும் முறை) வரைந்த படங்களும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் படத்துக்கு 75 படிகளாக வெளிவந்த அவை வேறு வகையைச் சேர்ந்தவை. ஏலப்பட்டியல்களில் இரண்டுமே ‘லித்தோகிராஃப்’ என்ற சொல்லால் குறிக்கப்படுவதுண்டு என்பதுதான் இதிலுள்ள பொறி.

நகல் என்பதற்காக மட்டமாக நினைத்துவிடவும் வேண்டாம். போல்ட்டன் கால்பந்து மைதானத்தை நோக்கிச் சாரிசாரியாக நடக்கும் கூட்டத்தை லௌரி 1953இல் வரைந்த ‘கோயிங் டு தி மேட்ச்’ ஓவியம், 2022 அக்டோபரில் நடந்த ஏலத்தில் 78 இலட்சம் பவுண்டுக்குச் சால்ஃபோர்டிலுள்ள லௌரி கலைமையத்திடம் போய்ச் சேர்ந்தது. அதே ஓவியத்தின் கையொப்பமிட்ட 300 நகல்களில் ஒவ்வொன்றுக்கும் இன்று பல்லாயிரம் பவுண்டு விலை சொல்கிறார்கள். மக்கள் அவற்றை விரும்புகிறார்கள். விருப்பத்துக்கு விலை உண்டு. எந்த விருப்பத்துக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏலத்துக்கு முன் பொருளைப் பார்வையிட அனுமதிப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நகை மதிப்பீட்டாளர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வதே போதும். அதை ஆலைச் சுவரின் கறுப்பு மீது வையுங்கள். கறுப்பு என்று நாம் நினைத்தது கலைந்து, நீலமும் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகச் சிறு புள்ளிகள் பூக்கோலம் போட்டதைப் போல வரிசையாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல். புள்ளிகளே இல்லாவிட்டால் உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது, ஏனெனில் கொலோடைப் என்ற பழைய நகல்முறையிலும் ஒழுங்கான புள்ளிகள் வருவதில்லை. அடுத்து அதே கண்ணாடியைக் கையொப்பத்தின் மீது நகர்த்துங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு வெளியூரில் ஒரு கடையில் ‘கையொப்பமிட்டது’ என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு துறைமுகக் காட்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து இப்படிப் பார்த்தபோது, கையொப்பமும் புள்ளிகளாகவே உடைந்தது. கையொப்பத்தோடு சேர்த்தே படமெடுத்து அச்சிட்டிருந்தார்கள். மெய்யான பென்சில் கோடு, தாளைச் சாய்த்துப் பிடித்தால் ஈயமினுக்கம் காட்டும், தாளின் நாருக்குள் சற்றே அழுந்தியிருக்கும்.

இந்தச் சோதனையும் ஓரளவுக்குத்தான் உதவும். லௌரியின் நகல்களில் கையொப்பமில்லாத படிகளும் ஏராளமாக உலவுகின்றன. அவற்றின்மீது பிறர் பென்சிலால் அவர் பெயரை எழுதி விற்பது தெரிந்த மோசடி. மோசடிக்காரரும் மெய்யான பென்சிலைத்தானே பயன்படுத்துவார்! ஆகவே கையொப்பத்தோடு நிற்காமல், கீழ் விளிம்பில் கலைப்பொருள் வணிகர்களின் ‘ஃபைன் ஆர்ட் டிரேட் கில்டு’ அமைப்பின் மையில்லா அழுத்து முத்திரை இருக்கிறதா, விளிம்பு வெட்டப்படாமல் முழுமையாக இருக்கிறதா, முதலில் விற்ற கடையின் ரசீதோ சட்டத்தின் பின்புறம் பழைய ஒட்டுச்சீட்டோ உண்டா என்றும் கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்குமே விடை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நூற்றுக்கணக்கில் அச்சிட்ட படம் அது. அடுத்த ஏலத்தில் இன்னொரு படி வரும்.

கேள்வி: விசிலரின் ‘பிளாக் லயன் வார்ஃப்’ எட்சிங்கின் இரண்டு படிகளை இரு வணிகர்களிடம் பார்த்தேன். இரண்டும் ஒரே படம், ஒரே அளவு. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போலப் பல மடங்கு. ஏன்? (ஈஸ்ட் ஹாம், இலண்டன்)

பதில்: நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத தேம்ஸ் கரையில் 1859இல் பிறந்த படம் அது. அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டியிருந்த அமெரிக்க ஓவியர் விசிலர், வாப்பிங், ராதர்ஹித் பக்கத்துக் கிடங்குகளையும் படகுத்துறைகளையும் செப்புத்தகட்டில் பதித்தார். முன்புறம் உட்கார்ந்திருக்கும் படகுத்தொழிலாளியை நாலைந்து கோட்டில் முடித்துவிட்டு, ஆற்றுக்கு அப்பால் நிற்கும் கிடங்குகளின் செங்கலையும் பலகையையும் சன்னல் சட்டத்தையும் விரிவாக வரைந்திருப்பார். நம் கண் மனிதரைத் தாண்டிக் கட்டடங்களுக்கே ஓடும். தேம்ஸ் காட்சிகள் 16 கொண்ட தொகுதி 1871இல்தான் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு அவர் தம் தாயை வரைந்த புகழ்பெற்ற ஓவியம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தாயாருக்குப் பின்னால் சுவரில் சட்டமிட்டுத் தொங்குவது இந்த ‘பிளாக் லயன் வார்ஃப்’தான். தன் சரக்கைத் தன் ஓவியத்துக்குள்ளேயே மாட்டிவைத்த அந்தத் துணிச்சல் விசிலருக்கே உரியது.

விலை வேறுபாட்டுக்குக் காரணம் தகட்டின் தேய்மானம். எட்சிங்கில் செப்புத்தகட்டின் மீது மெழுகுப்பூச்சு இட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்துக் கோடுகளைக் குழியாக்குகிறார்கள். குழிகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையின் அடியில் அழுத்தும்போது தாள் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் செம்பு சிறிது சிறிதாகத் தேயும். மெல்லிய கோடுகள் முதலில் மங்கும். அமிலமில்லாமல் ஊசியால் நேரடியாகக் கீறும் டிரைபாயின்ட் முறையிலோ, கோட்டின் இருபுறமும் எழும் பிசிறுதான் வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. அந்தப் பிசிறு சில பத்துப் படிகளுக்குள் நசுங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு தகட்டின்மீது மின்முறையில் மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றி ஆயுளைக் கூட்டினார்கள் என்றாலும், ஓவியர் தாமே மையிட்டுத் துடைத்த தொடக்கக்காலப் படிக்கும் பிற்காலத்தில் அச்சகத்தார் எடுத்த படிக்கும் உள்ள வேறுபாடு, முதல் டிகாக்‌ஷனுக்கும் மூன்றாம் டிகாக்‌ஷனுக்கும் உள்ளதைப் போன்றது.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடப் பார்த்துப் புரிந்துகொள்வது எளிது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் படிப்பறையில் முன்பதிவு செய்துகொண்டால், கண்ணாடி இடையில் இல்லாமல் இத்தகைய படிகளை மேசைமீது வைத்தே காட்டுவார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு பிற்பகலை அங்கே செலவிடுங்கள்.

கேள்வி: படத்தின் கீழே 12/75 என்றும் ஏ.பி. என்றும் எழுதியிருப்பதன் பொருள் என்ன? 1/75 என்ற எண்ணுக்கு மதிப்புக் கூடுதலா? தபாலில் தருவித்தால் சுங்கத்தில் இதை எப்படிப் பார்ப்பார்கள்? (கோயம்புத்தூர்)

பதில்: 1888இல் முதல் நூற்பாலை எழுந்து, ‘தென்னிந்திய மான்செஸ்டர்’ என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தமே.

12/75 என்றால் 75 படிகள் கொண்ட பதிப்பில் பன்னிரண்டாம் எண்ணிட்ட படி. ஏ.பி. என்பது ஓவியர் தமக்கென்று வைத்துக்கொள்ளும் படி. பிரெஞ்சு வழக்கில் இ.ஏ. என்று எழுதுவார்கள். விற்பனைக்கல்லாத படிகளுக்கு எச்.சி. என்று குறிப்பார்கள். இந்தக் கூடுதல் படிகள் பதிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது வழக்கம். எனவே ‘75 மட்டுமே’ என்று விற்பவர் சொன்னால், கூடுதல் படிகள் எத்தனை என்றும் கேட்க வேண்டும். சிறிய எண்ணுக்கு மதிப்புக் கூடுதல் என்ற நம்பிக்கைக்குப் பெரும்பாலும் அடிப்படையில்லை. அச்சான தாள்களை உலர்த்தி, அடுக்கி, பிறகுதான் எண்ணிடுகிறார்கள். முதலில் அச்சானதே முதல் எண் பெறும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. மேலும், எண்ணிடும் வழக்கமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு பரவியதுதான். பழைய எட்சிங்கில் எண் இல்லாதது குறையன்று.

சுங்கத்தைப் பற்றிய கேள்வி முதன்மையானது. ஓவியர் முழுமையாகக் கையாலேயே உருவாக்கிய தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த படிகள் சுங்க அட்டவணையில் 9702 என்ற தலைப்பில் வருகின்றன. இயந்திர முறையிலோ புகைப்பட முறையிலோ ஆன அச்சுகளுக்கு அதில் இடமில்லை, அவை அச்சிட்ட பொருள்களுக்குரிய 4911ஆம் தலைப்புக்குப் போய்விடும். வியன்னாவில் ஓவியர்கள் கிழித்த கோட்டைச் சுங்க அட்டவணையும் ஏறக்குறைய அப்படியே கிழித்திருக்கிறது. ஆகவே விற்பவர் தரும் பட்டியலில் அச்சுமுறை, ஆண்டு, பதிப்பின் அளவு, தகட்டை உருவாக்கியவர் யார் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். வெறுமனே ‘ஆர்ட் பிரின்ட்’ என்று எழுதி அனுப்பிவிட்டால், பார்சல் எந்த வகையில் அடங்கும் என்பதை விளக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

கேள்வி: நான் சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர் அனல்மின் நிலையத்தையும் கணினியில் வரைந்து, இங்க்ஜெட்டில் அச்சிட்டு, 30 படிகள் மட்டும் என்று எண்ணிட்டு விற்கிறேன். இது அச்சோவியமே அல்ல என்று மூத்த ஓவியர் ஒருவர் சொல்கிறார். (புதுச்சேரி)

பதில்: இந்தச் சண்டை உங்களுக்கு முன்பே நீதிமன்றம் ஏறிவிட்டது. விசிலரின் நண்பரும் பின்னாளில் அவருடைய வரலாற்றை மனைவியோடு சேர்ந்து எழுதியவருமான அமெரிக்க ஓவியர் ஜோசப் பென்னெல், பிட்ஸ்பர்க் எஃகாலைகளையும், 1912இல் தோண்டி முடியும் நிலையில் இருந்த பனாமா கால்வாயின் மதகுகளையும் பாரந்தூக்கிகளையும் வரைந்தவர். தொழில்நகர அச்சோவியம் என்றால் தவிர்க்க முடியாத பெயர். அவர் கனமான கல்லைச் சுமந்து திரியாமல், மாற்றுத்தாளில் வரைந்து, அச்சகத்தில் அதைக் கல்லுக்கு மாற்றிப் படியெடுத்தார். விசிலரின் பழைய மாணவரான வால்டர் சிக்கர்ட், இதைக் கல்லச்சு என்று சொல்லி விற்பது தகாது என்று ஒரு வார இதழில் எழுதினார். பென்னெல் அவதூறு வழக்குத் தொடுத்தார். விசிலரே சாட்சிக் கூண்டேறினார். 1897இல் பென்னெலுக்கு 50 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. இன்று அவருடைய பனாமாத் தாள்களைக் கல்லச்சு அல்ல என்று யாரும் சொல்வதில்லை.

என் கருத்து இது. முன்பே முடித்த ஓவியத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டால் அது நகல், எத்தனை எண் போட்டாலும் நகல். அச்சில்தான் முடிவடைய வேண்டும் என்று எண்ணியே கணினியில் வரைந்து, தாளையும் மையையும் நீங்களே தேர்ந்து, ஒவ்வொரு படியையும் பார்த்துக் கையொப்பமிடுகிறீர்கள் என்றால், அதை மூலப்படைப்பு என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் செப்புத்தகடு தேயும், கோப்பு தேயாது. 30 என்ற எண்ணுக்குக் காவல் உங்கள் சொல் ஒன்றுதான். வேறு அளவில் இன்னொரு முப்பது போடும் ஆசை வந்தால், முதலில் வாங்கியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெர்ன்ட், ஹில்லா பெக்கர் இணையர் எடுத்த ஊது உலைப் புகைப்படங்களையும் இந்தச் சேகரிப்பில் சேர்க்கலாமா? (எஸ்ஸன், ஜெர்மனி)

பதில்: சேர்க்கலாம். உங்கள் ஊரின் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, 1959 முதல், மூடப்படவிருந்த சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் மேகமூட்டமான நாள்களாகப் பார்த்து நிழல் விழாமல் படமெடுத்து, ஒரே வகைக் கட்டடங்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டியவர்கள் அவர்கள். புகைப்படத்தில் கவனிக்க வேண்டியது, படமெடுத்த ஆண்டும் படி எடுத்த ஆண்டும் ஒன்றா என்பதே. படமெடுத்த காலத்திலேயே எடுத்த படிக்கும், பல பத்தாண்டுகள் கழித்து அதே நெகட்டிவிலிருந்து எடுத்த படிக்கும் விலை ஒன்றாக இராது. அவர்களுடைய படங்களின் இன்றைய விலை பெரும்பாலான சேகரிப்பாளர்களின் கைக்கு எட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே பணத்தில் பென்னெலின் எட்சிங்குகள் பலவற்றை வாங்கிவிடலாம்.

கேள்வி: கடலுக்கு அருகில் குடியிருக்கிறேன். மூன்று எட்சிங்குகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பழுப்புப் புள்ளிகள் விழத் தொடங்கிவிட்டன. என்ன செய்வது? (பெசன்ட் நகர், சென்னை)

பதில்: முதலில் அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். நான் சட்டம் போடக் கொடுத்த முதல் எட்சிங்குக்குக் கடைக்காரர் பின்புறம் பிளைவுட் பலகை வைத்து, ஓரங்களைச் செல்லோடேப்பால் ஒட்டியிருந்தார். இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தபோது, படத்தைச் சுற்றி வைத்த அட்டைச் சாளரத்தின் விளிம்பை ஒட்டித் தாளில் நான்கு பக்கமும் டீக்கறை போலப் பழுப்புக்கோடு ஓடியிருந்தது. டேப் இருந்த இடம் எண்ணெய்க் காகிதம் போல ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தது. அமிலமுள்ள அட்டையும் மரப்பலகையும் செய்யும் வேலை அது.

தாளைத் தாங்கும் அட்டையும் முன்னுள்ள சாளர அட்டையும் அமிலமற்ற பருத்தி அட்டையாக இருக்கட்டும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தாளை ஒட்டுவதற்கு மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகள் இரண்டும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும். மேல் விளிம்பில் மட்டும் கீல் போல ஒட்டித் தொங்கவிட வேண்டும். பசை மாவு என்பதால் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அதற்காக அந்துருண்டையைச் சட்டத்துக்குள் போட்டுவிடாதீர்கள். சட்டத்தின் பின்புற இடுக்குகளை நன்றாக அடைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கிப் பாருங்கள். மழை நீர் ஊறும் வெளிச்சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்ட வேண்டாம். அருங்காட்சியகங்கள் தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படவிடுவதில்லை. நம் வீட்டுச் சன்னலோர வெயில் அதைப் போலப் பல நூறு மடங்கு. ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி ஏறாமல் இறங்காமல் இருப்பது நல்லது. பெசன்ட் நகரில் அது எளிதன்று என்பதால், ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, அமிலமற்ற தாள் இடையிட்டு, அலமாரியில் படுக்கை வாட்டில் வைத்துவிடுகிறேன் நான்.

விழுந்துவிட்ட புள்ளிகளை நீங்களே நீக்க முயல வேண்டாம். ரொட்டித்துண்டால் தேய்ப்பது, வெளுப்பான் தொட்டுத் துடைப்பது போன்ற வீட்டுக் குறிப்புகள் புள்ளியோடு தாளின் மேற்பரப்பையும் எடுத்துவிடும். தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்தப் படத்தை மற்ற இரண்டோடு சேர்த்து அடுக்காமல் தனியே வையுங்கள்.